சார்ஜர் அண்ணாவின் ஒற்றை பேட்டரி

காலை பத்து அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது அவர் என் மேசை முன்னால் வந்து நிற்பார். ஸ்வெட்டர் கழுத்துக்குள் கையை விட்டு, சட்டையின் உள்பையைத் துழாவி, கறுப்பாக ஒரு கேமரா பேட்டரியை எடுப்பார். தீப்பெட்டி அளவுதான் இருக்கும். எடுத்ததும் கேமராவில் போட்டுவிட மாட்டார். முதலில் அதைக் கன்னத்தில் ஒட்டி ஒரு நொடி வைத்திருப்பார், பிள்ளைக்குக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்ப்பதைப் போல. பிறகு கைக்குட்டையின் ஒரு மூலையால் அதன் பித்தளைப் பற்களை ஒவ்வொன்றாகத் துடைப்பார். அந்த மூலை அதற்கென்றே ஒதுக்கியது, மூக்கு அதன் பக்கம் போகாது. கேமராவின் அடிக்கதவைத் திறந்து உள்ளே தள்ளி, ‘டக்’ என்று சத்தம் கேட்கும்வரை காதைச் சாய்த்துக்கொண்டு நிற்பார்.

“ம். முழிச்சிட்டான்” என்பார். யாரிடம் என்றில்லை.

குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளை வைத்துப் பார்க்கும் பிரிவின் வாசலில் என் மேசை. உள்ளே போகிறவர் பெயர், போன நேரம், கை கழுவியதற்கு ஒரு டிக், வெளியே வந்ததற்கு ஒரு டிக். இதுதான் என் உத்தியோகம். பேச வேண்டிய அவசியம் அதிகம் இல்லாத வேலை என்பதால் எனக்குப் பிடித்திருந்தது. பேசாமல் உட்கார்ந்திருப்பவன் கண்ணில் நிறைய விழும். அப்படி விழுந்தவர்களில் முதல் ஆள் சார்ஜர் அண்ணா.

அந்தப் பெயரை நர்ஸுகள் வைத்தார்கள். கட்டிடத்தில் இருக்கும் மருந்து பம்புகள், மானிட்டர்கள், குழந்தைகள் படுத்திருக்கும் கண்ணாடிப் பெட்டிகள் எல்லாவற்றையும் பழுது பார்ப்பது அவர் வேலை. ஒவ்வொரு பம்புக்குள்ளும் ஒரு பேட்டரி உண்டு. மின்சாரம் போனால் அதுதான் பம்பை ஓட்டவேண்டும். எந்த பேட்டரி எத்தனை நிமிடம் தாங்கும் என்று அவரிடம் ஒரு நோட்டு இருந்தது. பல வருடங்களுக்கு முன்பு மின்சாரம் போனபோது ஒரே ஒரு பம்ப் மூன்று நிமிடம் நின்றுவிட்டதாம். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. யாரும் அவரைக் கேட்கவும் இல்லை. அவர்தான் அன்றிலிருந்து அந்த நோட்டைப் போட ஆரம்பித்தார்.

நாற்பத்தைந்து வயது இருக்கும். ஒல்லி. நடக்கும்போதுகூடத் தேவைக்கு மேல் கையை வீசமாட்டார். அவர் மனைவி பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். சாயங்காலம் பிள்ளைகளை இறக்கிவிட்டு வரும் வழியில் மருத்துவமனை வாசலில் நிறுத்தி இரண்டு ஹார்ன் அடிப்பார். அண்ணா இறங்கி வரத் தாமதமானால் மேலே ஏறி வந்து என் மேசை எதிரில் இருக்கும் பெஞ்சில் உட்காருவார்.

“இவரு வீட்டுல எப்படின்னு தெரியுமா தம்பி? டார்ச் லைட்ட வெச்சுக்கிட்டு எதையாவது தேடினாருன்னா, அடிச்சு அணைச்சு, அடிச்சு அணைச்சுதான் தேடுவாரு. ஏங்கன்னு கேட்டா, நடக்குறப்போ எதுக்கு வெளிச்சம், பாக்குறப்போ இருந்தா போதும்கிறாரு.”

“கெடச்சுதா இல்லையா?” என்பார் பின்னால் வந்து நிற்கும் அண்ணா.

“கெடச்சுது. முட்டியில அடிபட்டதும் கெடச்சுது.”

கேமராவுக்கு வருகிறேன். எங்கள் பிரிவுக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. பெரிய சிஸ்டர் வைத்த சட்டம். ஒரு முறை தொற்று பரவியபோது போன்கள்மீதுதான் அவருக்குச் சந்தேகம் விழுந்தது. ஆனால் மேல்மாடியில் படுத்திருக்கும் அம்மாக்கள் எழுந்து வர இரண்டு மூன்று நாள் ஆகும். அதுவரை பிள்ளை முகம் பார்க்க என்ன வழி? இங்கே இரண்டு மாதம் இருந்து நல்லபடியாக வீட்டுக்குப் போன ஒரு குழந்தையின் அப்பா, தன்னிடம் இருந்த மிரர்லெஸ் கேமராவைக் கொடுத்துவிட்டுப் போனார். சத்தமே இல்லாமல் படம் எடுக்கும், ஃபிளாஷ் வேண்டாம். கேமராவோடு ஒரு சின்ன பிரிண்டரும் வந்தது. பேட்டரி மட்டும் ஒன்றே ஒன்று. இன்னொன்று கேட்டு பெரிய சிஸ்டர் எழுதிய விண்ணப்பம், “எதற்காக?” என்ற கேள்வியோடு இரண்டு முறை திரும்பி வந்திருந்தது.

யார் எடுப்பது என்று பேச்சு வந்தபோது பெரிய சிஸ்டர் சொன்னார்: “பேட்டரியில ஓடுறது எல்லாம் சார்ஜர் தலையில.” அவ்வளவுதான். அவர் அதுவரை கேமராவைக் கையால் தொட்டதில்லை.

“இந்த மாதிரி கேமராவுல படம் எடுக்குறதுனால சார்ஜ் தீர்றதில்ல, தம்பி” என்று ஒரு நாள் தானாகவே சொன்னார். “சும்மா கையில வெச்சுக்கிட்டு நிக்குறதுலதான் தீருது. உள்ள சென்சார் முழிச்சிருக்கணும், ஸ்க்ரீன் முழிச்சிருக்கணும். நாம பாக்குறதுக்காக அது பாத்துக்கிட்டே இருக்கணும். பாவம்.”

அதனால் ஒவ்வொன்றாக அணைத்தார். வயர்லெஸ்ஸை அணைத்தார். திரையின் வெளிச்சத்தை அடிமட்டத்துக்கு இறக்கினார். எடுத்த படத்தைத் தானாகத் திரையில் காட்டுவதை நிறுத்தினார். யாரும் படம் எடுக்காதபோதும் கேமரா இங்கும் அங்கும் குவித்துப் பார்த்துக்கொண்டே இருக்குமாம், அதையும் நிறுத்தினார். பத்து நொடி சும்மா இருந்தால் தூங்கிவிடு என்று கட்டளை வைத்தார். அடித்தளத்தில் இருக்கும் அவருடைய பட்டறை குளிர்காலத்தில் ஐஸ்பெட்டி போல இருக்கும், குளிரில் பேட்டரி சீக்கிரம் கையை விரித்துவிடும். அதனால்தான் சார்ஜ் ஏறியதும் உள்பையில், உடம்போடு.

என் பதிவேட்டுக்கு அடியில் எப்போதும் ஒரு கவிதைப் புத்தகம் இருக்கும். ஒரு முறை அதை இழுத்துப் புரட்டிப் பார்த்தார்.

“என்ன தம்பி, வரியெல்லாம் பாதிப் பாதியில நிக்குது? சார்ஜ் தீந்துடுச்சா?”

“அது... அப்படித்தாண்ணா எழுதுவாங்க.”

“நல்ல விஷயம்” என்று மூடி வைத்தார். “தேவையில்லாதப்போ அணைச்சுடணும்.”

அந்தக் குளிர்காலத்தில்தான் ஏழாம் பெட்டிக்கு அந்தப் பெண் குழந்தை வந்தது. ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. அம்மா இந்தக் கட்டிடத்தில் இல்லை. பிரசவத்துக்குப் பிறகு காய்ச்சல் வந்து, அது தொற்று என்று தெரிந்ததும், முற்றத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் தனிமை வார்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். மூன்று வாரம் அங்கிருந்து நகர முடியாது. அப்பா கப்பலில் வேலை செய்கிறவர், நடுக்கடலில் இருந்தார். அம்மாவின் அக்கா மட்டும்தான் துணை. அவர் தினமும் என் எதிரில் இருக்கும் பெஞ்சில் உட்கார்ந்து, அண்ணா எடுக்கும் படத்தை வாங்கிக்கொண்டு முற்றத்தைக் கடப்பார். தனிமை வார்டின் நர்ஸ் அதைக் கவரில் போட்டு உள்ளே கொடுப்பார். அந்த அம்மாவிடம் இருந்தது பட்டன் போன். எங்கள் காகிதப் படம்தான் அவருக்கு ஜன்னல்.

ஆறாம் நாள் காலை அந்த அக்கா படத்தை வாங்க எழுந்திருக்கவே இல்லை.

“இன்னைக்கு வேணாங்க” என்றார். “நேத்து கொண்டுபோனதைக் கிழிச்சுப் போட்டுட்டா.”

அண்ணா மேலங்கியைக்கூடக் கழற்றாமல் அப்படியே நின்றார்.

“சாப்பிட மாட்டேங்கறா. மாத்திரையைத் துப்பிடறா. நேத்து ராத்திரி வார்டை விட்டு ஓடப் பாத்திருக்கா. எல்லாப் படத்துலயும் தூங்குறா, தூங்குறான்னே சொல்றீங்க, எத்தனை நாள் தூங்குவா, உண்மையைச் சொல்லுன்னு என் கையைப் புடிச்சுக்கிட்டா.”

“தூங்கத்தான் செய்யுதும்மா. மஞ்சக்காமாலைக்காக நீல விளக்குல வெச்சிருக்கோம். கண்ணுக்குப் பட்டை கட்டியிருக்கு.”

“எனக்குத் தெரியுதுங்க. அவ நம்பணுமே.” அக்கா புடவைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தார். “மூணு வருஷம் முன்னாடி அவளுக்கு ஒரு பையன் பொறந்தான். வேற ஊரு, வேற ஆஸ்பத்திரி. ரெண்டாம் நாளே போயிட்டான். அவ உடம்பு தேறட்டும்னு பதினோரு நாள் சொல்லாம வெச்சிருந்தோம். கேக்குறப்பல்லாம் தூங்குறான் தூங்குறான்னு சொன்னது யாரு தெரியுமா? நான்தான்.”

உள்ளேயிருந்து மானிட்டர் ஒன்று சீராகக் கூவுவது கேட்டது.

“கண்ணு தொறந்த மாதிரி ஒரே ஒரு படம் எடுத்துக் குடுங்க சார்” என்றார் அக்கா. “ஒண்ணே ஒண்ணு போதும்.”

அண்ணா தலையை மட்டும் ஆட்டினார். அவர் தலையாட்டல்கள் எனக்குத் தெரியும். பம்ப் பழுது என்று வரும்போது ஆட்டுவது ஒன்று. இது வேறு.

பட்டை அவிழ்ப்பது பால் கொடுக்கும் நேரத்தில்தான். காலையில் பதினோரு மணிக்கு, சுமார் இருபது நிமிடம். குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாக இறங்கும் பால். அதற்குள் குழந்தை கண்ணைத் திறக்கலாம், திறக்காமலும் இருக்கலாம்.

ஏழாம் நாள் திறந்தது. கேமரா தூங்கிக்கொண்டிருந்தது.

பத்து நொடியில் தூங்கு என்று அவரே வைத்த கட்டளை. பட்டனை அழுத்தினார். அது எழுந்து, சோம்பல் முறித்து, குவித்து முடிப்பதற்குள் இமைகள் மூடிவிட்டன. வெளியே வந்தவர் டிக் போடும் இடத்தில் பேனாவை வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

“என்னண்ணா?”

“பொண்ணு முழிச்சா, பையன் தூங்கிட்டான்” என்றார். “என் சிக்கனம்தான் கெடுத்துது.”

எட்டாம் நாள் தூக்கத்தை ரத்து செய்துவிட்டுப் போனார். மற்ற பதின்மூன்று குழந்தைகளுக்கும் ஆளுக்கு இரண்டு படம் எடுத்துவிட்டு, பத்தே முக்காலுக்கு ஏழாம் பெட்டி முன்னால் நின்றார். பதினொன்று ஐந்துக்குத் திரை இருண்டுபோனது. பதினொன்று பத்துக்குக் குழந்தை கண்ணைத் திறந்ததாகவும், சார்ஜரையே முறைத்துப் பார்த்ததாகவும், பெரிய சிஸ்டர் வெளியே வந்து சொன்னார்.

“உள்ள எவ்வளவு ப்ளக் பாயின்ட் இருக்கு, ஒண்ணுல செருகக் கூடாதா சிஸ்டர்?” என்று கேட்டது நான். கேட்ட பிறகுதான் கேட்டேன் என்று தெரிந்தது.

“செருகலாமே” என்றார் சிஸ்டர். “ஒவ்வொரு பாயின்ட் மேலயும், உயிர் காக்கும் கருவி தவிர வேறு எதையும் செருகாதீர்னு செவப்புல ஒட்டி வெச்சது யாருன்னு உங்க அண்ணாவையே கேளு.”

அண்ணா சுவரைப் பார்த்தார். ஒட்டியது அவர்தான். வெளியே போய் சார்ஜ் ஏற்றிக்கொண்டு திரும்ப வரவும் முடியாது. நர்ஸ் அல்லாதவர்களுக்கு ஒரு நாளில் ஒரு நுழைவு. அது என் பதிவேட்டிலேயே அச்சடித்திருக்கிறது.

அன்று மூன்று மணிக்குத்தான் எனக்குச் சாப்பிட நேரம் கிடைத்தது. சாப்பாட்டோடு பட்டறைக்கு இறங்கிப் போனேன். தாழ்ந்த கூரை, ஒரே ஒரு குழல் விளக்கு, மேசை முழுக்க வயிறு திறந்து கிடக்கும் பம்புகள். மறுபடி சார்ஜ் ஏற்றிய கேமராவை ஓடவிட்டு எதிரில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“இங்க ஒண்ணே முக்கால் மணி நேரமா சாகாம ஓடுது தம்பி. அங்க ஒரு மணி நேரத்துக்கு மேல தாங்கல. நடுவுல ஸ்க்ரீனை அணைச்சு அணைச்சு வேற வெச்சேன். எப்படி?”

“குளிரா?”

“அங்கதான் கதகதப்பு. இங்கதான் குளிரு.” தலையைச் சொறிந்தார். “இங்க இல்லாதது அங்க என்ன இருக்கு?”

எனக்கு என்ன தெரியும்? உள்ளே போவதற்கு முன் என் மேசையில் நடப்பதை மட்டும் மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன். பேட்டரி, கைக்குட்டை, டக். பிறகு மருந்து தோய்த்த துணியால் கேமராவைத் துடைப்பார். பிறகு...

“கவர்” என்றேன்.

உள்ளே போகும் எந்தப் பொருளும் கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் கவருக்குள்தான் போகவேண்டும், லென்ஸ் முனை மட்டும் வெளியே. பட்டறையில் கவர் இல்லாமல் ஓட்டிக்கொண்டிருந்தார். அலமாரியிலிருந்து ஒரு கவரை எடுத்து மாட்டினார். குழல் விளக்கை அணைத்தார். இருட்டில் இருவரும் கேமராவின் முதுகைப் பார்த்தோம்.

திரை இருண்டிருந்தது. ஆனால் அதற்கு மேலே, கண் வைத்துப் பார்க்கும் சின்ன ஜன்னலுக்குள் மெல்லிய வெளிச்சம் ஒன்று எரிந்துகொண்டிருந்தது.

“அடப்பாவி” என்றார் அண்ணா, மிகவும் மெதுவாக.

அந்த ஜன்னல் அருகே ஒரு உணர்கருவி இருக்கிறதாம். யாராவது கண்ணைக் கிட்டே கொண்டுவந்தால் அது தெரிந்துகொண்டு உள்ளே இருக்கும் குட்டித் திரையை ஏற்றிவிடும். கவரின் மடிப்பு ஒன்று சரியாக அதன் முன்னால் நின்றிருந்தது. அவர் எடுக்காதபோதும், பார்க்காதபோதும், கையை இறக்கி வைத்திருந்தபோதும், அது அணையவில்லை. எந்த அணைப்பும் செல்லுபடியாகவில்லை.

“யாரோ கண்ணை வெச்சுப் பாத்துக்கிட்டே இருக்காங்கன்னு நெனச்சிட்டிருக்கு தம்பி. அதான் ஸ்க்ரீனை அணைச்சும் தூங்காமலே கெடந்திருக்கு.” கேமராவின் தலையைத் தடவிக் கொடுத்தார். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

மெனுவுக்குள் போய் அந்த உணர்கருவியை நிறுத்தினார். மடிப்பு எழும்பாமல் இருக்க கவருக்கு மேல் ஒரு ரப்பர் பேண்ட் போட்டார். கண்டுபிடித்த சந்தோஷத்தில் என் சாப்பாட்டையும் சேர்த்துச் சாப்பிட்டுவிட்டார், பிறகுதான் இருவருக்கும் தெரிந்தது.

சாயங்காலம் அண்ணியிடம் விஷயத்தைச் சொன்னேன். எனக்கே ஆச்சரியம், இவ்வளவு பேசினேன் என்பது. அவர் சிரிக்கவில்லை.

“வெளிச்சம் அதிகமா இருந்தா அதுக்கு எப்படிக் கண்ணு தொறக்கும்?” என்றார். “வேன்ல தூங்குற பிள்ளைங்களை எழுப்ப நான் திரைச்சீலையைத் தொறக்க மாட்டேன். மூடுவேன். இருட்டினாத்தான் என்னடா இதுன்னு தானா முழிச்சுப் பாக்கும்.”

அண்ணா மனைவியை ஒரு நிமிடம் பார்த்தார். “இதை நேத்தே சொல்லக் கூடாதா?”

“கேட்டாத்தானே சொல்ல? போன் பண்ணா எடுக்க மாட்டீங்க. சார்ஜ் மிச்சம் புடிக்கறீங்கல்ல.”

ஒன்பதாம் நாள். அண்ணாவிடம் ஒரு கறுப்புத் துணி உண்டு. அண்ணியின் பழைய குடையிலிருந்து வெட்டித் தைத்தது, தினமும் துவைத்து மருந்தில் நனைத்துக் காயவைத்தது. கண்ணாடிப் பெட்டிமேல் படம் எடுப்பவரின் பிரதிபிம்பம் விழுந்து தொலைக்கும். அது விழாமல் இருக்க அந்தத் துணியைத் தன் மார்பிலும் தலையிலும் போர்த்திக்கொண்டுதான் எடுப்பார். திருடன் மாதிரி இருக்கிறார் என்று நர்ஸுகள் சிரிப்பார்கள். இருந்தது அந்த ஒரு துணிதான். அன்று அதைத் தன்மேல் போர்த்தவில்லை. பெட்டியின்மேல் போர்த்தினார்.

அதை நான் கதவின் வட்டக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். மேசையை விட்டு எழுந்து நின்று பார்த்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். என் பின்னால் அக்கா, பெஞ்சின் நுனியில்.

பதினொன்று மணி. சிஸ்டர் கண்பட்டையை அவிழ்த்தார். பால் இறங்க ஆரம்பித்தது. அண்ணா முட்டி மடக்கி, பெட்டியின் பக்கவாட்டில், தன் முகம் குழந்தையின் முகத்துக்கு நேராக வரும்படி குனிந்தார். கேமராவைத் தூக்கவில்லை. கேமராவை இறக்கி வைத்துக்கொண்டு வெறும் கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தார். ஐந்து நிமிடம். எட்டு நிமிடம். அவர் கழுத்து நரம்பு எனக்கு அங்கிருந்தே தெரிந்தது. பிறகு அவர் தோள் மெல்ல உயர்ந்தது. கை உயர்ந்தது. சத்தமில்லாத கேமரா என்பதால் எப்போது எடுத்தார் என்று யாருக்கும் தெரியாது. சிஸ்டரின் கை மட்டும் வாய்க்குப் போனது, முகமூடிக்கு மேலேயே.

மூன்று படம். பிறகு கண் மூடிவிட்டது, பால் முடிந்தது, பட்டை கட்டியாயிற்று.

அதற்குப் பிறகு அவர் செய்ததுதான் எனக்கு மறக்கவில்லை. எடுத்த படத்தை ஒருபோதும் திரையில் போட்டுப் பார்க்காத மனிதர், பார்க்கும் பட்டனை அழுத்தினார். அழுத்திவிட்டு நின்றார். தூங்கப்போன திரையை மறுபடி எழுப்பிப் பார்த்தார். சிஸ்டரைக் கூப்பிட்டுக் காட்டினார். மற்ற நர்ஸுகள் வந்தார்கள். கேமரா கை மாறியது. பெட்டி துடைக்க வந்த ஆயா பார்த்தார். டாக்டர் வந்து பார்த்தார். வட்டக் கண்ணாடிக்கு அருகே கொண்டுவந்து எனக்குக் காட்டினார், அக்காவுக்குக் காட்டினார். அடிமட்ட வெளிச்சத்தில் ஒன்றும் சரியாகத் தெரியவில்லை, இரண்டு கறுப்புப் புள்ளிகள்தான். பரவாயில்லை. மிச்சமிருந்த சார்ஜ் முழுவதையும் அந்த ஒரு படத்தைப் பார்த்தே தீர்த்தார்.

வெளியே வந்து நினைவட்டையை எடுத்து பிரிண்டரில் போட்டபோதுதான் முகம் மாறியது.

படத்தில் குழந்தையின் கண்கள் திறந்திருந்தன. ஈரமாக, எங்கோ பார்த்தபடி. ஆனால் குழந்தைக்கு மேலே, பெட்டியின் பக்கச் சுவரில், அவரே விழுந்திருந்தார். துணி பெட்டியை இருட்டாக்கிவிட்டது. வெளியே வெளிச்சத்தில் துணி இல்லாமல் நின்றவர் முழுசாகப் பிரதிபலித்துவிட்டார். முகமூடி, அதற்கு மேலே இரண்டு கண்கள், குழந்தையின் நெற்றிக்கு மேல் ஆவி மாதிரி மிதந்தன. மூன்று படத்திலும் அப்படித்தான்.

“கெடுத்துட்டேன்” என்றார். “இதைக் கொண்டுபோகாதீங்கம்மா. பாத்தா பயந்துக்குவாங்க. நாளைக்கு இன்னொரு துணி தெச்சு—”

“நாளைக்கா?” அக்கா அவர் கையிலிருந்து படத்தைப் பறித்தார். உண்மையாகவே பறித்தார். மை காய்ந்திருக்கக்கூட இல்லை. முற்றத்தில் அவர் ஓடுவதை ஜன்னல் வழியாகப் பார்த்தோம், படத்தை விளிம்பில் பிடித்துக்கொண்டு, காற்றில் ஆட்டி ஆட்டி.

அரை மணி நேரம் கழித்து தனிமை வார்டிலிருந்து என் மேசைக்குப் போன் வந்தது. அந்த அம்மா கஞ்சி கேட்டாராம். ஒரு கிண்ணம் குடித்துவிட்டு, இன்னொன்று கேட்டாராம்.

அண்ணாவிடம் சொன்னேன். “ம்” என்றார். கைக்குட்டையை எடுத்தார். அந்த மூலையால், பேட்டரிக்கென்று ஒதுக்கிய அதே மூலையால், மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

இரண்டு வாரம் கழித்து அந்த அம்மா முற்றத்தைக் கடந்து தானே நடந்து வந்தார். கை கழுவியதற்கு நான் டிக் போட்டேன். அடுத்த மாதம் மகளைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார். அன்று அண்ணா வேறு கட்டிடத்தில் ஒரு பம்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார், பார்க்கவில்லை. இரண்டாவது பேட்டரி கோடையில் வந்து சேர்ந்தது. அதன் மூலையில் சிவப்பு மையால் ஒரு புள்ளி வைத்தார். இரண்டையும் உள்பையில்தான் வைத்துக்கொண்டு வருகிறார். கோடையில் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

எடை பார்ப்பதற்காக அந்த அம்மா குழந்தையோடு மறுபடி வந்தது எட்டு மாதம் கழித்து. குழந்தை என் பேனாவைப் பிடுங்கிக் கடித்துக்கொண்டிருந்தது. பேச்சை எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், “உங்களுக்காகக் கண்ணு தொறந்த படம் எடுக்க அண்ணா மூணு நாள் பாடுபட்டாரு” என்றேன்.

அவர் கைப்பையைத் திறந்து அந்தப் படத்தை எடுத்தார். ஓரங்கள் தேய்ந்திருந்தன.

“கண்ணு தொறந்த படம் எனக்குப் புதுசு இல்லைங்க” என்றார். “என் பையனோட படமும் அப்படி ஒண்ணு காட்டினாங்க. பொறந்த அன்னைக்கே எடுத்தது. பதினோரு நாளும் அதையே, தினம் எடுத்த மாதிரி, என் மாமியார் காட்டினாங்க. அக்காவுக்குக்கூட இது தெரியாது.”

பிறகு விரலைக் குழந்தையின் முகத்துக்கு மேலே, அண்ணா கெட்டுவிட்டது என்று சொன்ன இடத்தில் வைத்தார்.

“நான் முதல்ல பாத்தது இவரைத்தான். முகமூடி போட்டிருந்தாலும் கண்ணு சிரிக்குது பாருங்க. உயிரில்லாத பிள்ளை முன்னால நின்னு யாரும் இப்படிச் சிரிக்க மாட்டாங்க. அப்புறந்தான் கீழ, என் பொண்ணைப் பாத்தேன்.”